கண்ணாடிக்குள் ஓடும் எழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த மாதம் ஒரு மாலையில் நம் மதுரை விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையின் முன்னால் நின்றிருந்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராகத் தெரிந்த ஓர் அம்மா, ஷோகேஸ் கண்ணாடிக்குள் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்த மின்விளக்கு எழுத்துகளை மூன்று சுற்று பொறுமையாகப் பார்த்துவிட்டு, "யப்பா, அதுல சேலை என்ன வெலைன்னு போட்டிருக்கு? வாசிக்கிறதுக்குள்ள ஓடிப்போகுது" என்று என்னிடம் கேட்டார். நான் இந்த ஊரில் நாற்பது ஆண்டுகள் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன். எனக்கும் முதல் சுற்றில் பிடிபடவில்லை. "சலேகைள்" என்று ஓடியது "சேலைகள்" என்ற சொல்தான் என்பதும், அதன் பின்னால் வந்த எண் விலை அல்ல, கடையின் தொலைபேசி எண் என்பதும் இரண்டாம் சுற்றில்தான் விளங்கின. விலை அந்தப் பலகையில் இல்லவே இல்லை. "உள்ள போய்க் கேட்டுக்கங்கம்மா" என்றேன். "உள்ள போனா வாங்காம வர முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கடைக்கு நடந்துவிட்டார். அவரை உள்ளே அழைப்பதற்காகத்தான் அந்தக் கடைக்காரர் பல ஆயிரம் செலவழித்து அந்தப் பலகையை வைத்திருக்கிறார் என்பதை நினைத்தபோது, இதைப் பற்றித் தங்கள் நாளிதழுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

தூரிகை பிடித்தவன் என்பதால் மின்விளக்கு எழுத்தின் மேல் எனக்குக் காழ்ப்பு இருக்கும் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். என் தம்பி மகன் இன்று செய்வது இதே தொழில்தான். அவனுடைய பட்டறையில்தான் என் பகல்பொழுது கழிகிறது. கடைக்கு மேலே இருக்கும் பெயர்ப்பலகை ஒரு முறை எழுதினால் பத்து ஆண்டுகள் நிற்க வேண்டியது. கண்ணாடிக்குள் கண்மட்டத்தில் வைக்கிற பலகைக்கு வேலை வேறு. இன்று என்ன சரக்கு வந்திருக்கிறது, என்ன விலை, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா, ரம்ஜானுக்கு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பவற்றை அது சொல்ல வேண்டும். சொன்னது பழசாகிப்போனால் அன்றைக்கே மாற வேண்டும். என் காலத்தில் இதற்குக் கரும்பலகையும் சார்ட் அட்டையும் இருந்தன; பிறகு சன்பேக் என்ற பிளாஸ்டிக் அட்டையும் வினைல் ஸ்டிக்கரும் வந்தன. ஆடி, தீபாவளி, பொங்கல் என்று ஆண்டுக்கு மூன்று தடவையாவது டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் இரவு கடை சாத்திய பிறகு கண்ணாடியின் உள்பக்கம் உட்கார்ந்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நேராகத் தெரியும்படி எழுத்தை இடவலம் மாற்றி எழுதியிருக்கிறேன். (ஜ, ஞ, ண ஆகிய மூன்றையும் இடவலம் மாற்றி எழுதப் பழகாதவன் கண்ணாடி வேலைக்கு வரக்கூடாது என்பார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்.) விடிந்ததும் முதலாளி விலையை மாற்றியிருப்பார், பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஆகவே, விரலால் தட்டினால் வாசகம் மாறுகிற, இருட்டிய பிறகும் தானே ஒளிர்கிற பலகை ஒன்று வந்தபோது கடைக்காரர்கள் அதன் பின்னால் போனதில் வியப்பில்லை. தேர் சுற்றி வரும் மாசி வீதிகளில் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைகள் என்றைக்குமே தொல்லைதான். பலகையைக் கண்ணாடிக்கு உள்ளே வைப்பது மழைக்கும் நல்லது, தேருக்கும் நல்லது.

இப்போது நம் ஊரில் பல கடைகள் வாங்குவது, பி-10 எனப்படும் ஒற்றை நிற மாட்யூல்களால், அதாவது சிறு விளக்குகள் பதித்த பலகைத் துண்டுகளால், ஆன ஓடும் பலகை. ஒரு மாட்யூல் 320 மில்லிமீட்டர் நீளமும் 160 மில்லிமீட்டர் உயரமும் உடையது. ஒரு வரிசைக்கு 32 வீதம் 16 வரிசைகளில் 512 சிறு எல்.இ.டி. விளக்குகள் அதில் பதிந்திருக்கும். ஒரு விளக்கின் நடுவிலிருந்து அடுத்த விளக்கின் நடு வரை 10 மில்லிமீட்டர். பெயரில் உள்ள பத்து அதைத்தான் குறிக்கிறது. இப்படி ஆறு மாட்யூல்களைப் பட்டைக் கேபிளால் கோத்து, வாசகத்தை வாங்கி விளக்குகளில் காட்டவைக்கும் ஒரு கண்ட்ரோல் கார்டையும் 5 வோல்ட் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் சேர்த்து அலுமினியச் சட்டத்தில் அடைத்தால், ஆறடிக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் பலகை தயாராகிவிடும். கடைக்காரர் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, வைஃபை வழியாக வாசகத்தை அனுப்புவார். ஆங்கிலத்தில் அனுப்பினால் குறை ஒன்றும் தெரியாது. தமிழில் அனுப்பும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

இட நெருக்கடியை முதலில் சொல்கிறேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அனைத்தும் ஒரே உயரத்தில் அடங்கும். ஏழு வரிசை விளக்குகளிலேயே அவற்றைத் தெளிவாக எழுதிவிடலாம். தமிழெழுத்துக்கு மூன்று அடுக்கு வேண்டும்: புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும் நிற்க மேலே ஓர் அடுக்கு, எழுத்தின் உடலுக்கு நடுவில் ஓர் அடுக்கு, உகர, ஊகார வால்கள் இறங்கக் கீழே ஓர் அடுக்கு. பதினாறு வரிசையை இப்படிப் பங்கிட்டால் உடலுக்குக் கிடைப்பது எட்டோ ஒன்பதோ வரிசைதான். அதற்குள் மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் வேறுபடுத்திக் காட்ட முயன்று பார்த்தவர்களுக்கே அந்தப் பாடு தெரியும். "பட்டு" என்ற சொல்லில் டகரத்தின் மேலுள்ள புள்ளிக்கு அங்கே ஒரே ஒரு விளக்குதான் கிடைக்கிறது. அக்கம்பக்கத்து விளக்குகளின் ஒளியில் அது கரைந்து "படடு" ஆகிவிடுகிறது. பகலிலாவது பரவாயில்லை, இரவில் ஒளி சிதறும்போது சுழிகளுக்குள் இருக்க வேண்டிய கருமையும் நிரம்பிப்போய், "மணப்பெண்" என்பது எழுத்துப்பிழையோடு எழுதியது போலத் தோன்றுகிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து ணை, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்கள் விலகின. அவை இன்னும் புழக்கத்தில் இருந்திருந்தால் இந்தப் பதினாறு வரிசையில் என்ன செய்திருப்போம் என்று நினைத்துக்கொள்வதுண்டு. (ஆணை வந்த பிறகும் பல ஆண்டுகள் பழைய லையைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த முதலாளிகளுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.) இதற்கு வழி இல்லாமல் இல்லை. மாட்யூல்களை இரண்டு அடுக்காக வைத்தால் 32 வரிசை கிடைக்கும். பி-5 என்ற நெருக்கமான வகையில் அதே அளவு மாட்யூலுக்குள் 2,048 விளக்குகள், அதாவது நான்கு மடங்கு, இருக்கின்றன. அதில் தமிழ் தமிழாகத் தெரியும். விலை கூடுதல் என்பதால் விற்பவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, வாங்குபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

இடத்தையாவது காசு கொடுத்துக் கூட்டிவிடலாம். எழுத்து வரிசை குலைவது அதைவிடப் பெரிய சங்கடம். கணினியும் கைப்பேசியும் பயன்படுத்துகிற ஒருங்குறி (யூனிகோட்) முறையில் "சே" என்பது முதலில் சகரம், அதன் பிறகு ஏகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்த இரட்டைக்கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது, எழுத்தைக் காட்டுகிற மென்பொருளின் பொறுப்பு. கைப்பேசித் திரை இதைச் சரியாகச் செய்கிறது. மலிவான கண்ட்ரோல் கார்டுகளோடு வருகிற செயலிகள் சில செய்வதில்லை, சேமித்த வரிசையிலேயே காட்டிவிடுகின்றன. சகரத்தின் பின்னால் விழுந்த கொம்பு அடுத்திருக்கும் லகரத்தோடு ஒட்டிக்கொள்ள, லகரத்துக்கு உரிய ஐகாரக் குறி அதற்கடுத்த ககரத்தோடு ஒட்டிக்கொள்ள, "சேலைகள்" என்பது "சலேகைள்" ஆகிறது. "கொலு" படும் பாடு இன்னும் மோசம்: ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டிய கொம்பும் காலும் ககரத்தை விட்டுவிட்டு, நடுவில் எழுத்து இல்லாத இடத்தைக் காட்டும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே ஓடும். ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதை ஏற்று ஆணையிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மாசி வீதியில் புள்ளிவட்டம் ஓடுகிறதென்றால், தமிழ் தெரியாத ஊரில் செய்த கார்டை யாரும் தமிழில் சோதித்துப் பார்க்காமல் வாங்கி விற்கிறோம் என்பதே காரணம். இதில் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

தொழில் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். வாசகத்தைக் கணினியில் தட்டச்சு செய்து, அதைப் படமாக மாற்றிப் பலகைக்கு அனுப்புவார்கள். படத்தில் எழுத்து உடையாது. என் தம்பி மகனும் அப்படித்தான் செய்கிறான். ஆனால் அந்தப் படத்தில் ஓர் எழுத்தைக்கூடக் கடைக்காரரால் திருத்த முடியாது. விலை ஐம்பது ரூபாய் குறைந்தாலும் போர்டு போட்டவரைக் கூப்பிட வேண்டும், தீபாவளி நெருக்கத்தில் அவர் கையில் சிக்கமாட்டார். திருக்கார்த்திகை கடந்த பிறகும் ஆடித் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டிருந்த பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகவே வாங்கிய பலகை, என் பழைய எனாமல் எழுத்தைவிடக் கெட்டியாக ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. சலித்துப்போன சிலர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள்; வேறு சிலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்துவிடுகிறார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன் 15-ஆவது விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்றும், பிற மொழிகள் சேர்ந்து வந்தால் தமிழே முதன்மையாகத் தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு வாசலுக்கு மேலே தமிழைப் பெரிதாகப் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் உண்மையில் நின்று வாசிக்கிற கண்ணாடிக்குள் அதைக் கைவிடுவது என்ன முறை என்று எனக்குப் புரியவில்லை.

பலகை ஓடித்தான் ஆக வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியது. நான் மேலே சொன்ன கடையில் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். கடைப்பெயர், நிறுவனரின் பெயர், வாழ்த்து, சரக்கு, தொலைபேசி எண் என்று ஒரு சுற்று முடிய 40 நொடி ஆயிற்று. பத்தடி அகலமுள்ள முகப்பை நடந்து கடக்க மூன்று நொடிக்கு மேல் ஆகாது. நடந்து போகிறவர் கண்ணில் படுவது நிறுவனரின் பெயரில் பாதியும் வாழ்த்தில் பாதியுமாக இருந்தால் அவர் எதற்காக நிற்பார்? ஆறு மாட்யூல் பலகையில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளுக்கு மேல் தெரியாது. "பட்டுச்சேலைகளுக்கு" என்ற ஒரு சொல்லே அந்த இடம் முழுவதையும் விழுங்கிவிடும். தொலைவும் ஒரு கணக்கு. விளக்குகளின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ ஏறத்தாழ அத்தனை மீட்டர் தள்ளி நின்றால்தான் புள்ளிகள் சேர்ந்து கோடாகத் தெரியும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. பி-10 பலகைக்குப் பத்து மீட்டர் வேண்டும். நம் வீதிகளில் கண்ணாடிக்கு முன்னால் நடைபாதை ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோதான், அதற்கு அப்பால் இருசக்கர வாகனங்களின் வரிசை. சாலைக்கு எதிரே உயரத்தில் வைக்கப் பொருத்தமான சரக்கை மூக்குக்கு நேரே வைத்திருக்கிறோம்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு வெயில் அடிக்கும் கண்ணாடிக்குத் தேவையான பிரகாசத்தை இரவு ஒன்பது மணிக்கும் அப்படியே விட்டுவைத்தால் எதிரே வண்டி ஓட்டி வருகிறவர் கண் கூசும், எதிர்மாடியில் குடியிருப்பவர் தூக்கம் கெடும். நேரத்துக்கேற்ப ஒளியைக் குறைக்கும் வசதி பெரும்பாலான கண்ட்ரோல் கார்டுகளில் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. மின்னி மின்னி அணைகிற விளம்பர ஒளி வாகன ஓட்டிகளுக்கு ஆபத்து என்பதை நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1972-இல் வெளியிட்ட சாலையோர விளம்பரக் கொள்கையிலேயே சொல்லியிருக்கிறது. சிக்னலுக்குப் பக்கத்துக் கடைகளில் சிவப்பும் பச்சையும் மினுக்கும் பலகைகளை வைப்பவர்கள் இதையாவது கவனிக்க வேண்டும்.

அப்படியானால் கண்ணாடிக்குள் எதை வைப்பது என்று கேட்பவர்களுக்கு என் பட்டறை அனுபவத்திலிருந்து இரண்டைச் சொல்வேன். கையால் எழுதும் ஒளிப்பலகை முதலாவது. ஒரு தெளிந்த அக்ரிலிக் தகட்டின் விளிம்பில் எல்.இ.டி. பட்டையைப் பொருத்தியிருப்பார்கள், விளிம்பு வழியாக நுழையும் ஒளி வெளியே வராமல் தகட்டுக்குள்ளேயே எதிரொளித்துப் போய், பேனாவின் மை பட்ட இடத்தில் மட்டும் கசிந்து வெளிவரும். பள்ளியில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தது இதைத்தான். எழுதிய எழுத்து மட்டும் இருட்டில் தனியே எரியும். ஈரத் துணியால் துடைத்தால் பலகை வெறுமையாகும். எழுதுவது மனிதக் கை என்பதால் கொம்பு இடம் மாறாது, சுழி குறையாது, புள்ளி விழாது. சிம்மக்கல்லில் ஒரு சிற்றுண்டிக் கடையில் கல்லாவில் இருக்கும் பெண் காலையில் "இட்லி, பொங்கல், வெள்ளையப்பம்" என்று பச்சையிலும், மாலையில் "கருப்பட்டிப் பணியாரம்" என்று ஆரஞ்சிலும் எழுதி வைக்கிறார். பணியாரம் தீர்ந்ததும் அதன் மேல் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் மறுநாள் சீக்கிரம் வருகிறார்கள். அவருடைய கையெழுத்து அழகானது என்று சொல்ல மாட்டேன். ணகரத்தை மட்டும் நான் ஒரு நாள் திருத்திக் கொடுத்தேன். ஆனால் எதிர்த்திசை நடைபாதையிலிருந்தே வாசித்துவிடலாம்.

விலை அடிக்கடி மாறாத துணிக்கடை, நகைக்கடை, டிராவல்ஸ் போன்றவற்றுக்கு ஏற்றது இரண்டாவதான ஒளிச்சட்டம். இதிலும் விளிம்பொளிதான், ஆனால் அக்ரிலிக் தகட்டில் நுண்ணிய புள்ளிகள் பொறித்திருப்பதால் ஒளி முகம் முழுவதும் சமமாகப் பரவும். முன்பக்கத்தைக் காந்தமோ கிளிப்போ பிடித்திருக்கும். அதைத் திறந்து, பின்னாலிருந்து ஒளி ஊடுருவும்படி அச்சடித்த பேக்லிட் ஃபிலிமை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகுவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று நான்கு ஃபிலிம்களை முன்கூட்டியே அடித்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்கும் ஆயிற்று. பழைய பெட்டிப் பலகைகளில் ஆறு டியூப்லைட் எரிந்த இடத்தில் இதற்குச் சிறிதளவு மின்சாரம் போதும். இது ஓடாது, மினுக்காது. அதுவே குறை என்று முகம் சுளிக்கும் முதலாளிகளை நான் அறிவேன். "ஓரத்துலயாவது ஒரு லைட்டு சுத்துற மாதிரி வையிங்கண்ணே" என்று கெஞ்சி வாங்கிப்போனவரும் உண்டு.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 2020 தீபாவளி நாளில் நம் விளக்குத்தூண் பகுதியில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் இடிபாட்டில் உயிரிழந்ததை இவ்வூர் மறந்திருக்காது. அங்கே தீக்குக் காரணம் எதுவாயினும், ஷோகேஸ் பொம்மையின் பட்டு முந்தானைக்குப் பின்னால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒளித்துவைத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு பிளக்குகளைச் செருகி, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பெட்டி 5 வோல்ட்தான் தருகிறது என்று அலட்சியமாக இருக்கிறார்கள். 40 ஆம்பியர் வரை தரக்கூடிய பெட்டி அது. மெல்லிய ஒயரைப் போட்டால் ஒயர் சுடும். அதற்குக் காற்றோட்டமான தனி இடமும், மின்னோட்டம் மிகுந்தால் தானே அணைந்துகொள்ளும் எம்.சி.பி. சுவிட்ச் ஒன்று பலகைக்கென்று தனியாகவும் வேண்டும்.

மாநகராட்சியிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாசி வீதிகள், ஆவணி மூல வீதிகள், டவுன்ஹால் ரோடு ஆகியவற்றில் கண்ணாடிக்குள் ஒளிரும் பலகைகளுக்கு இரவு நேர ஒளியளவு ஒன்றையும், மினுக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் வகுத்து, வணிகர் சங்கங்கள் வழியாகத் தெரிவித்தால் போதும், பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். பலகை வாங்கப் போகிற கடைக்காரர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், உங்கள் கைப்பேசியிலிருந்து, உங்கள் கையாலேயே, "கொலு, சேலைகள், பட்டுக்குஞ்சம், பௌர்ணமி, ஸ்ரீ மீனாட்சி" என்ற ஐந்தையும் அடித்துப் பலகைக்கு அனுப்புங்கள். அனுப்பிவிட்டு வீதியின் எதிர்ப்பக்கம் போய் நின்று வாசியுங்கள். எங்கேனும் கொம்பு இடம் மாறியோ புள்ளிவட்டம் முளைத்தோ தெரிந்தால், கார்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். "தமிழ் இதுல இப்படித்தான் சார் வரும்" என்று போர்டு போடுகிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். தமிழைச் சரியாகக் காட்டும் கார்டுகளும் செயலிகளும் சந்தையில் இருக்கின்றன, நாங்கள் மாட்டிக் கொடுத்தும் இருக்கிறோம்.

விளக்குத்தூண் கடைக்காரரிடமும் மறுநாள் போய் இதைச் சொன்னேன். போர்டு போட்டவர் போனை எடுப்பதில்லை என்றார். நவராத்திரிக் கொலு வருவதற்குள் சரிசெய்து தருவதாக என் தம்பி மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். அதுவரை "சலேகைள்" அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

இங்ஙனம்,
பெயர்ப்பலகை ஓவியர் ஒருவர்,
சிம்மக்கல், மதுரை.